மரத்தின் மேல் ஒரு பாடசாலை

நாமக்கல் சீமையின் சமவெளியிலிருந்து சுவரெழுப்பினாற்போல் நிமிர்ந்து, ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மேட்டு நிலமாக விரிந்து கிடக்கும் கொல்லிமலையைச் சங்கப் புலவர்கள் இரண்டு காரணங்களால் மறவாமற் பாடினர்: ஒன்று, வில்லுக்கும் கொடைக்கும் பெயர்போன வல்வில் ஓரி, மற்றொன்று, கண்டோரை மயக்கும் கொல்லிப்பாவை. அப்பாவை ஒருத்தி வயிற்றில் பிறந்ததன்று. பூதமொன்று அமைத்தது என்பது நற்றிணைக் காலத்து நம்பிக்கை. கைத்திறனோடு இத்தனை பழைய தொடர்புடைய மலையில், கைகொண்டு கற்றலின் சரித்திரத்தையும் தேடிப் பார்ப்பது பொருத்தமே என்று தோன்றுகிறது.

பள்ளிக்கூடம் என்ற பெயர் மலையேறுவதற்கு நெடுங்காலம் முன்பே அங்கே கல்வி இருந்தது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிவரும் மலையாளிகள் என்னும் மலைக்குடியினர், சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் பயிரிட்டு வாழ்ந்தவர்கள். எந்தச் சரிவுக்கு எந்தச் சாமை, எந்த மழைக்கு எந்த விதை, அடுத்த ஆண்டுக்கென்று எந்தக் கதிரை ஒதுக்குவது என்பனவற்றையெல்லாம் ஏட்டில் எழுதிவைத்தவர் எவருமில்லை. கதிர் முற்றும் காலத்தில் கிளி விரட்டப் போன சிறுவனும், உரலருகே பாட்டிக்குத் துணைநின்று உமி போகக் குத்தப் பழகிய சிறுமியும் அவற்றை விளையாட்டாகவே கற்றுக்கொண்டனர். ஆதலின், மலைவாசிகளுக்குக் கைவேலை என்பதையே வெள்ளையர் வந்துதான் சொல்லிக்கொடுத்தனர் என்று எவரேனும் எழுதினால் அதை நாம் ஏற்பதற்கில்லை. வந்தவர்கள் கொணர்ந்தது எழுத்தும், வைத்தியமும், மலையில் அதுவரை இல்லாத சில தொழில்களுமே.

அப்படி வந்தவர்களுள் முதன்மையானவர் ஜெஸ்ஸி பிராண்ட். இங்கிலாந்தில் கட்டட வேலை செய்யும் குடும்பத்திலே பிறந்து, உஷ்ணப் பிரதேச நோய்களைப் பற்றி ஓராண்டு மட்டுமே படித்துவிட்டுப் புறப்பட்ட அவர், 1913ஆம் ஆண்டில் சேந்தமங்கலத்தில் ஈவ்லின் ஹாரிஸ் என்னும் ஓவியப் பயிற்சி பெற்ற மாதை மணந்து, மணக்கோலம் கலையுமுன்பே கொட்டும் மழையில் அவளுடன் மலையேறினார் என்பர். அக்காலத்தில் கொல்லிமலைக்குப் பாதை என்பது காற்பாதையே; கூடவே மலைக் காய்ச்சல் என்ற பேரச்சமும் இருந்தது. அவர்கள் சென்றது மதப் பிரசாரத்திற்கு என்பதை மறைப்பதிற் பயனில்லை. ஆயினும் பல ஆண்டுகள் வரை ஒருவரும் மதம் மாறாத நிலையிலும், வைத்தியமும் பள்ளியும் தச்சுப் பட்டறையும் நிற்கவில்லை என்பதையும் உடன்சொல்வதே நியாயம். மலைமேல் வாழவந்தி என்னும் ஊரில் அவர் கட்டிய மரவீடு தூண்களின்மேல் நின்றது. கறையான் ஏறாதபடி ஒவ்வொரு தூணின் தலையிலும் உலோகத் தட்டு ஒன்று கவிழ்க்கப்பட்டிருந்தது. அந்த வீடே ஒரு பாடம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1914 ஜூலை 17ஆம் நாள் அவர்களுக்குப் பிறந்து, அவ்வீட்டில் வளர்ந்த பால் என்னும் சிறுவனே இச்சரித்திரத்தின் நாயகன். ஓரிடத்தில் உட்காராத பிள்ளையாகையால், அவனைப் பலகைமுன் கட்டிப்போடுவது பலிக்காதென்று கண்ட தாயார் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். அவன் மரக்கிளையில் அமர்ந்து கணக்குப் போடலாம். போட்டதைக் கீழே அனுப்ப வேண்டும். தாய் நிழலில் இருந்து திருத்துவார். தந்தையின் முறையோ வேறு. காட்டுப் பாதையில் மகனை அழைத்துச் சென்று, கறையான் புற்றொன்றின்முன் நிறுத்தி, அதன் அறைகளும் காற்றுப்போக்கும் அமைந்த விதத்தை ஒரு கொத்தனாரின் கண்கொண்டு விளக்குவார். வீட்டில் கறையானைத் தடுக்கத் தட்டுக் கவிழ்த்தவரே காட்டில் அதன் சிற்பத்தை வியந்து போதித்தார் என்பதில் ஒரு நயமுண்டு.

1923இல், ஒன்பது பிராயத்தில், பால் படிப்பதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். அதன்பின் தந்தையின் பாடங்கள் கடிதங்களாகக் கப்பலேறிச் சென்றன. மலையில் கண்ட மரமும் பறவையும் பூச்சியும் அவற்றில் நிரம்பியிருக்கும். 1929 ஜூன் மாதத்தில் கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி காலமானார். மரணச் செய்தி தந்தியில் முந்திப் போய்ச் சேர்ந்தது. கப்பலில் வந்துகொண்டிருந்த அவருடைய கடிதங்கள் அதற்குப் பிறகும் ஒவ்வொன்றாய் மகன் கைக்கு வந்தன.

இங்கே சற்று விலகி ஒன்று சொல்ல வேண்டும். ஜெஸ்ஸி மறைந்து எட்டாண்டுகள் கழித்து, 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மகாநாட்டில், ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்தே குழந்தைக்கு எல்லாப் பாடங்களும் புகட்டப்பட வேண்டும் என்ற திட்டத்தைக் காந்தியடிகள் முன்வைத்தார். ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்கு உருவம் தந்தது. 1953இல் சென்னை இராஜ்யத்தில் இராஜாஜி கொணர்ந்த திட்டமோ, கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரைநாள் பள்ளியும் மீதி நேரம் பெற்றோர் தொழிலும் என்று விதித்தது. குலக்கல்வி என்று மக்களால் தூற்றப்பட்டு, அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. இரண்டிலும் கைவேலை உண்டு. ஆனால் குயவன் மகன் நெசவைக் கற்கலாம் என்பதற்கும், குயவன் மகன் சக்கரத்தண்டையே போக வேண்டும் என்பதற்கும் உள்ள தூரம் சாமானியமானதன்று. மரத்தின் மேல் கணக்குப் போட்ட வெள்ளைக்காரச் சிறுவனுக்கு அந்த மரம் ஒரு சுகம். எந்தக் கணத்திலும் அவன் இறங்கி வேறிடம் போகலாம். மலைச் சிறுவனுக்கு உளியை எடுத்துக் கொடுக்கையில் அந்தச் சுதந்திரத்தையும் சேர்த்துக் கொடுத்தோமா என்பதே அன்றும் இன்றும் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் அபிப்பிராயம்.

மீண்டும் பாலின் கதைக்கு வருவோம். பால் பிராண்ட் மருத்துவம் படிக்க முதலில் விரும்பவில்லை. தந்தை சீழ்க்கட்டிகளை அறுப்பதையும், நரம்புச் சிலந்தியைக் குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே இழுப்பதையும் சிறுவயதில் கண்ட அருவருப்பு அவரை விட்டகலவில்லை. ஆகவே தந்தையின் குலத்தொழிலான கட்டட வேலையில் ஐந்தாண்டுகள் தச்சும் கொத்தும் பயின்றார். பின்னர் மனம் மாறி, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் பயின்று அறுவைச் சிகிச்சை நிபுணராகி, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்தில், தசை செத்து நகம்போல் மடங்கிய விரல்களைக் கண்டபோது, அந்தக் கைகளில் நல்ல வலிமையுள்ள தசைகள் சில எஞ்சியிருப்பதை உணர்ந்தார். உழைக்கும் தசையொன்றின் நாணைப் பிரித்து, செயலற்ற விரலோடு இணைத்துவிட்டால் விரல் மறுபடியும் நிமிரும். 1948 முதல் அவர் அதைச் செய்து காட்டினார். தச்சில் கழித்த ஆண்டுகள் வீணாகவில்லை என்று பின்னாளில் அவர் கூறுவதுண்டு.

ஆனால் கை நிமிர்ந்தால் மட்டும் போதவில்லை. சிகிச்சை பெற்ற ஒருவர் திரும்பி வந்து, இந்தக் கைகளுக்கு யாரும் பிச்சை போடுவதில்லை என்று முறையிட்டாராம். கோரம் போயிற்று, இரக்கமும் போயிற்று, வேலை கொடுப்பவரோ இல்லை. அதன் விளைவே வேலூரில் தோன்றிய நவஜீவ நிலையம். குடிசைகள் சில, ஒரு பட்டறை. அங்கே சீரமைக்கப்பட்ட விரல்களால் இளைஞர்கள் மரப் பொம்மைகள் செய்தனர். குழந்தைகளின் விளையாட்டுப் பொருளைச் செய்யும் இந்த வேலை, புதிய விரல்களுக்கு அப்பியாசமாகவும் அமைந்தது.

பொம்மைப் பட்டறையே ஆராய்ச்சிச் சாலையுமாயிற்று. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்பதே அதுவரை உலகத்தார் நம்பிக்கை. ஒருமுறை, துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறியபோது, ஒல்லியான நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை ஒரே திருகில் திருப்பிவிட்டான். அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது, அவனுக்கோ அது தெரியவே இல்லை. வலி உணராத கை, அளவுக்கு மீறி அழுத்துகிறது. சுத்தியின் கைப்பிடியிலிருந்த சிலாம்பும், அடுப்பின் சூடும், இறுகப் பற்றிய உளியும் விரல்களை நாளுக்கு நாள் தின்கின்றன என்பது, பட்டறையில் ஒவ்வொருவர் காயத்தையும் தினந்தோறும் பரிசோதித்து, அதன் காரணத்தை விசாரித்தபோது விளங்கிற்று. கைப்பிடிகள் தடிப்பாக்கப்பட்டன, வேலை முடிந்ததும் கைகளைத் தடவிப் பார்ப்பது அன்றாடக் கடமையாயிற்று.

அப்போதும் ஒரு மர்மம் எஞ்சியது. இரவில் படுக்கும்போது முழுமையாயிருந்த விரல், விடியும்போது குறைந்திருந்தது. பகலில் எந்தக் காயமும் இல்லை. கருவியைக் குற்றம் சொல்ல வழியில்லை. ஓரிரவு விழித்திருந்து காவல் காத்தபோது காரணம் அகப்பட்டது: எலி. உறங்குபவனுக்கு வலியில்லாமையால் அது சாவகாசமாகத் தின்று போயிருக்கிறது. அன்றுமுதல் நிலையத்தில் பூனைகள் வளர்க்கப்பட்டன. சிகிச்சை முடிந்து ஊர் திரும்புவோரும் தம் உடைமையோடு ஒரு பூனையையும் கொண்டு செல்ல வேண்டும் என்று விதி செய்யப்பட்டது.