தொட்டித் துலக்கலும் டிங்கிக் காய்ச்சலும்

ஜார்ஜ் டவுன் நகரின் தென்பகுதியில் கடலொடு கலக்கும் சிற்றாறு சுங்கை பினாங் எனப்படும். மலாய் மொழியில் ‘சுங்கை’ என்பது ஆறு. ‘பினாங்’ என்பது பாக்கு. தீவுக்குப் பெயர் தந்த பாக்கே ஆற்றுக்கும் பெயராய் அமைந்தது. தமிழர் தண்ணீர்மலை என்று வழங்கும் அருவிமலைப் பக்கத்திலிருந்தும் ஆயர் ஈத்தாம் பக்கத்திலிருந்தும் இறங்கிவரும் ஓடைகள் இதனுள் சேர்கின்றன. மலையில் தெளிவாகத் தோன்றும் நீர், நகரத்தைக் கடக்கும்போது கறுத்துவிடுகிறது. மலேசியாவின் மிக மாசடைந்த ஆறுகளுள் ஒன்றாக இது நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது.

இத்தகைய ஆற்றின் கரையில் கொசுவால் காய்ச்சல் பரவினால், காண்போர் ஆற்றின்மீது பழிபோடுவது இயல்பே. கொசு அங்கே பெருகுவதும் உண்மைதான். சாக்கடையிலும் தேங்கிய அழுக்கு நீரிலும் பெருகுவது கியூலெக்ஸ் என்னும் இனம். இரவெல்லாம் காதருகில் பாடி உறக்கத்தைக் கெடுப்பது இதுவே. ஆயினும் டிங்கிக் காய்ச்சலைக் கொண்டுவரும் ஏடிஸ் என்னும் இனத்துக்கு அழுக்காறு பிடிப்பதில்லை. அது நாடுவது அசைவற்ற தெளிந்த நீரை. நகரத்து வீடுகளில் அத்தகைய நீர் நிறைந்திருந்த இடம் குளியலறைத் தொட்டி.

மலாயா நாட்டுப் பழைய வீடுகளின் குளியலறையில் ஒரு மூலையைத் தொட்டி பிடித்துக்கொண்டிருக்கும். செங்கல்லும் சிமெண்டும் வைத்து இடுப்பளவு உயரத்துக்குக் கட்டியிருப்பார்கள். மலாய்க்காரர் இதனைக் ‘கோலா’ என்பர். அதிலிருந்து முகந்து தலையில் ஊற்றிக் குளிப்பதே தமிழர், மலாய்க்காரர், சீனர் மூவர்க்கும் பொதுவான வழக்கம். தொட்டிக்குள் எவரும் இறங்குவதில்லை. புதிதாக வந்த ஐரோப்பியர் குளியலறைச் சாடிக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்துவிட்டதாகச் சொல்லிச் சிரிப்பதும் அந்நாளில் உண்டு. இறங்காததால் நீர் அழுக்காவதில்லை. அழுக்காகாத நீரை மாற்றவேண்டும் என்று எவர்க்கும் தோன்றுவதுமில்லை. பாதி குறைந்ததும் மேலே மேலே நிரப்பிக்கொள்வதே வழக்கமாயிற்று. அடியில் இருந்த நீர் எத்தனை நாளையது என்று எவரும் கணக்கிடவில்லை.

ஏடிஸ் ஏஜிப்டி என்னும் கொசு ஆப்பிரிக்காவில் தோன்றியது. பாய்மரக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் குடியேறித் துறைமுகம் துறைமுகமாக உலகைச் சுற்றியது என்பது அறிஞர் கொள்கை. பினாங்கு 1786 முதல் பெருந்துறைமுகமாக வளர்ந்த ஊர். இங்கு 1901ஆம் ஆண்டின் இறுதியில் பரவிய டிங்கிக் காய்ச்சலைப் பற்றி, ஸ்கே என்னும் மருத்துவர் 1902இல் எழுதினார். மலாயாவில் இந்நோயைப் பற்றிய முதற்குறிப்பு அதுவே என்பர். அன்று இது உயிருக்கு அஞ்சவேண்டிய நோயாகக் கருதப்படவில்லை. எலும்பை முறிப்பது போன்ற வலி ஒரு வாரம் வாட்டும். பிறகு நோயாளி எழுந்துவிடுவார்.

அக்காலத்தில் கொசு ஒழிப்பு என்றாலே அனைவர் நினைவிலும் நின்றது மலேரியா. மலேரியாவைக் கொசு பரப்புவதற்கான சான்றை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்தராபாத்தில் கண்டார். 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், அந்நகரிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் சதுப்பு நிலங்களை வடியச் செய்து காய்ச்சலைத் தணித்தார். தோட்டங்களில் மலேரியாவுக்கு இரையான தமிழ்த் தொழிலாளர் பலர். ஆகவே அம்முறையின் பயன் தமிழர்க்கு மிகப் பெரிது. ஆனால் அதன் புகழால் ஒரு மயக்கமும் ஏற்பட்டது. கொசு என்றால் காடு, சதுப்பு, வாய்க்கால் என்றே மக்கள் நினைத்தனர். நோய்க்கொசு வீட்டுக்குள் பிறக்கக்கூடும் என்ற எண்ணம் வேர்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

உலகின் மறுபுறத்தில் அந்தப் பாடம் அப்போதே கிடைத்திருந்தது. இதே ஏடிஸ் கொசு மஞ்சட்காய்ச்சலைப் பரப்புகிறது என்று கியூபாவின் மருத்துவர் பின்லே 1881இல் கூறினார். 1900இல் வால்ட்டர் ரீடின் குழு அதனை மெய்ப்பித்தது. 1901இல் கார்காஸ் என்னும் படை மருத்துவர் ஹவானா நகரில் வீடுவீடாக ஆட்களை அனுப்பித் தொட்டிகளையும் பீப்பாய்களையும் சோதிக்கச் செய்தார். அந்நகரை விட்டு மஞ்சட்காய்ச்சல் அகன்றது. டிங்கியையும் இக்கொசுவே பரப்புகிறது என்று ஆஸ்திரேலியாவில் பான்கிராப்ட் 1906இல் காட்டினார்.

பினாங்குக்கு அச்சந்தரும் ஆண்டு 1962. மணிலாவில் 1953-54ஆம் ஆண்டுகளிலும் பாங்காக்கில் 1958இலும் குழந்தைகளைப் பலிகொண்ட இரத்தக்கசிவு டிங்கி, அவ்வாண்டில் மலாயாவில் முதன்முதலாகப் பினாங்கில் கண்டறியப்பட்டது. டிங்கிக் கிருமியில் நான்கு வகை உண்டு. ஒருவகை வந்துபோன உடலில் மற்றொரு வகை புகும்போது ஆபத்து பெருகுகிறது. 1901இல் ஒரு வாரக் காய்ச்சலாக இருந்தது 1962இல் உயிர்க்கொல்லியாக வந்ததன் காரணத்தைப் பெரிதும் இதில் காணலாம். ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு முடிந்ததும் அதே 1962இல்தான். நகருக்கு நீர்வளம் பெருகியது. ஆனால் குழாய் வந்த வீட்டிலும் தொட்டி போகவில்லை. குழாயே தொட்டியின் மேல் நீட்டிக்கொண்டு நின்றது.

1973இல் நாடு முழுவதும் டிங்கி கடுமையாகப் பரவிற்று. அதன்பின் 1975இல் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் பிறந்தது. சுகாதார அதிகாரி வீட்டுக்குள் நுழைந்து சோதிக்கவும், கொசுப்புழு வளர இடங்கொடுத்தவர்மீது நடவடிக்கை எடுக்கவும் அச்சட்டம் அதிகாரம் தந்தது. கைவிளக்கை ஏந்தித் தொட்டிக்குள் குனிந்து பார்க்கும் அதிகாரி, பல வீடுகளுக்குப் பழகிய காட்சியானார். மலாய்க்காரர் ‘ஜெந்திக்-ஜெந்திக்’ என்று சொல்லும் நெளிபுழு, வெளிச்சம் பட்டதும் துள்ளித் துள்ளிக் கீழே இறங்கும். கொசுவை நுளம்பு என வழங்கும் யாழ்ப்பாணத்தார் வீடாயினும், தமிழகத்தார் வீடாயினும், அதிகாரியின் விளக்குக்கு வேற்றுமை இல்லை.

இங்கே தமிழாசிரியர்கள் கருதத்தக்க ஒரு சொல்நயம் உண்டு. கழுவுதல் வேறு, துலக்குதல் வேறு. நீரை ஊற்றி அலசினால் அது கழுவுதல். நாரோ சாம்பலோ கொண்டு அழுத்தித் தேய்த்தால் அது துலக்குதல். குளியல் தொட்டியின் முழுச்செய்தியும் இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது. ஏடிஸ் கொசு தன் முட்டைகளை நீரின்மேல் மிதக்க விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் பட்ட சுவரில், ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கிறது. கரிய சிறு புள்ளிகளாகையால் பாசிக்கறையினின்றும் அவற்றைப் பிரித்தறிதல் அரிது. நீரை வடித்துவிட்டால் புழு சாகும், முட்டை சாகாது. காய்ந்த சுவரில் பல மாதங்கள் உயிரோடு காத்திருந்து, நீர் மீண்டும் ஏறி நனைத்தவுடன் பொரிக்கும். வடித்துக் கழுவி நிரப்பிய தொட்டியில் சில நாளிலேயே புழுவைக் கண்டு, மலைப்பவர் எத்தனையோ பேர்.

ஆகவே முறை இதுவாகும். அடைப்பானைப் பிடுங்கி நீர் முழுதும் வடியவிட வேண்டும். பழந்தொட்டி பலவற்றில் அடித்துளை இராது. அங்கே கடைசிச் செம்பு வரை முகந்து ஊற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பிறகு தேங்காய் நாராலோ முரட்டுத் தூரிகையாலோ நான்கு சுவரையும், சிறப்பாக நீர்க்கோடு படிந்த இடத்தையும் மூலைகளையும், அழுத்தித் துலக்கி அலசிய பின்னரே நிரப்பவேண்டும். முட்டை கொசுவாவதற்கு வெப்ப நாட்டில் ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை என்ற கணக்கு எழுந்தது இதனாலேயே. வடிக்க இயலாத பெருந்தொட்டிக்கு ‘அபேட்’ என்னும் மருந்து கலந்த மணலைத் தூவும் வழக்கமும் வந்தது. அது புழுவைக் கொல்லும். ஆனால் மருந்து தூவியதால் துலக்கும் வேலை தீர்ந்தது என்று பலர் கருதியது அம்மருந்தின் குற்றமன்று.

எளிய வேலைதான், எனினும் அது எளிதில் நடைபெறவில்லை. நிறைந்த தொட்டி வீட்டுக்குச் செல்வம் போன்றது. குழாயடியில் காத்துநின்று குடங்குடமாகச் சுமந்தவர்க்கு, தெளிந்திருக்கும் நீரைத் தரையில் கொட்டுவது மனம் ஒப்பாத செயல். நீர் கெட்டுவிட்டது என்றால் கொட்டுவர். கெடாத நீரை ஏன் கொட்டுவது என்ற அவர்தம் வினாவை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. வடித்த நீரைத் துணி அலசவும் செடிக்கு ஊற்றவும் பயன்படுத்தச் சொன்னால் கேட்கத் தயங்குவார் குறைவு. அதட்டியும் தண்டம் விதித்தும் சொன்னபோது, அதிகாரி வரும் நாளில் மட்டும் தொட்டி துலங்கிற்று.

பிற்காலத்தில் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் பூந்தூறல் குழாய் வந்து, தொட்டி மெல்ல மறைந்தது. பழைய வீடுகள் சிலவற்றில் அது இன்னும் நிற்கிறது. நீரின்றி, வாளியும் துடைப்பமும் போட்டு வைக்கும் இடமாக. ஒருநாள் குழாயில் நீர் நின்றுவிடும் என்ற அறிவிப்பு வரும்போது, வீட்டார் துடைப்பத்தை எடுத்துவிட்டு அதை அவசரமாக நிரப்புகின்றனர். பல மாதங்களாகக் காய்ந்து கிடந்த சுவரை அப்போது துலக்குவார் இல்லை.