ரப்பர், பென்சில், ரேம்

சென்னை ரிச்சி தெருவில் சிஸ்டம் ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக்கிடம் ஸ்க்ரூடிரைவரோடு ஒரு பென்சில் ரப்பரும் இருக்கும். கம்ப்யூட்டர் உயிர் பெறாமல் ‘பீப்... பீப்’ என்று கத்தினால் ரேமைக் கழற்றுவார். அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் நாலு தேய்ப்புத் தேய்த்துத் திரும்பச் செருகுவார். பல சமயம் அதிலேயே திரை ஒளிர்ந்துவிடும். கடற்காற்றும் ஈரமும் குறையாத ஊரில் அந்தப் பற்களில் படலம் ஏறுவது சகஜம். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் தங்கள் ‘சிஸ்ட’த்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அண்ணா சாலை ஓரத்து இந்தத் தெருவுக்கு வருவது ஏறக்குறைய ஒரு சடங்கு.

ரப்பருக்கு முன்பே இந்த ஸ்டுடியோக்காரர்களின் தொழிலில் பென்சிலும் தூரிகையும் இருந்தன. சென்னை மாகாண அரசு 1856-ல் லினேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீல ஒளி மட்டும் மிதமிஞ்சிப் பதியும். வானம் வெறும் வெள்ளையாக வெளுத்துப்போகும். ட்ரைப் நெகட்டிவின் மீதே வண்ணம் தீட்டி மேகங்களை வரவழைத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிசையை 21 படங்களாக எடுத்து, ஒட்டிச் சேர்த்து, சுமார் 19 அடி நீளப் படமாக்கினார். மின்சாரம் வேண்டாத எடிட்டிங் அது. செலவு அதிகம் என்று ஆளுநர் ட்ரெவெலியன் 1860-ல் அந்தப் பதவியையே நிறுத்தினார். கருவிக்குக் காசு போதாது என்ற பேச்சும் அன்றே தொடங்கிவிட்டது.

அடுத்த நூறு ஆண்டில் மவுண்ட் ரோட்டில் (இன்றைய அண்ணா சாலையில்) வீலே & கிளைன், ஜி.கே. வேல் போன்ற ஸ்டுடியோக்கள் பெயர் பெற்றன. தெருவுக்கொரு சிறு ஸ்டுடியோவும் முளைத்தது. எல்லாவற்றிலும் உள்ளறையில் ஒரு டச்சிங் மேஜை. சாய்வான சட்டம், அதில் கண்ணாடி, பின்னாலிருந்து வெளிச்சம். ஊசிபோல் சீவிய பென்சிலால் முகத்து அம்மைத் தழும்பையும் கண்ணுக்கடியில் உள்ள கருமையையும் நெகட்டிவிலேயே மறைப்பார்கள். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-ல் உற்பத்தியைத் தொடங்கி ‘இந்து’ ஃபிலிம் கொடுத்தது. 120 ரோலில் பன்னிரண்டு சதுரப் படம், பன்னிரண்டு முகம். டச்சிங்காரர் கை எவ்வளவு வேகமோ அவ்வளவுதான் ஸ்டுடியோவின் வேகம்.

அந்த மேஜையைக் காலி செய்தது 1990-ல் வந்த ஃபோட்டோஷாப். முதலில் மேக்கில் மட்டும் ஓடியது. சில வருஷத்தில் விண்டோஸுக்கும் வந்தது. 1994-ல் லேயர்கள், 1998-ல் பின்னோக்கிப் போகும் ஹிஸ்டரி, 2002-ல் தழும்பை ஒரே தடவலில் மறைக்கும் ஹீலிங் பிரஷ். பென்சிலின் கடைசி வேலையும் அதோடு போயிற்று.

ஆனால் மேஜையின் இடத்துக்கு வந்த சிஸ்டம் ஏன் இவ்வளவு சீக்கிரம் கிழடாகிறது?

பெட்டிக்குள் எதுவும் தேய்ந்திருக்காது. படம்தான் பெருத்திருக்கும். 2004-ல் வந்த நிக்கான் டி70 கேமராவில் 6 மெகாபிக்சல். புள்ளிக்கு மூன்று பைட் என்றால் ஒரு படம் திறந்ததும் நினைவகத்தில் 18 எம்.பி. பிடிக்கும். 2017-ல் வந்த டி850-ல் அதுவே சுமார் 136 எம்.பி. இடையில் கல்யாண ஆல்பமும் மாறியது. ஒட்டும் படங்கள் போய், 12-க்கு 36 அங்குல விரிப்பில் பத்துப் படங்களை அடுக்கும் கரிஸ்மா ஆல்பம் வந்தது. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஒரு வெற்று விரிப்பே சுமார் 117 எம்.பி.; மேலே ஒவ்வொரு லேயருக்கும் தனிக் கணக்கு. 256 எம்.பி. ரேம் வைத்த பென்டியம் 4-க்கு இது தாங்குமா? ரேம் நிரம்பியதும் ஃபோட்டோஷாப் ஹார்ட் டிஸ்க்கை ‘ஸ்க்ராட்ச்’ என்ற தற்காலிக நினைவகமாக எடுத்துக்கொள்ளும். நிமிஷத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றினாலும் ஒரு சுற்றுக்கு 8 மில்லிசெகண்ட் ஆகும் தட்டு அது. டிசைனர் மவுசை விட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். புது கேமரா வாங்கிய அன்றே பழைய சிஸ்டம் கிழடாகிவிட்டது. முதலாளிக்கு அது தெரிவதோ முகூர்த்த நாட்களில்.

வைத்தியத்துக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் ஃபேனில் படிந்த தூசியை ஊதுவது. சூடேறினால் பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பிறகு ‘ஃபார்மேட் அடிப்பது’. ஹிஸ்டரி எண்ணிக்கையைக் குறைப்பது. ஸ்க்ராட்சுக்கென்று இன்னொரு ஹார்ட் டிஸ்க் மாட்டுவது. அதன்பின் ரேம். இதெல்லாம் ஆடியிலும் மார்கழியிலும் நடந்தால் நல்லது. கல்யாணம் இல்லாத மாதங்கள்.

ரேமுக்கும் ஓர் உச்சவரம்பு இருந்தது. 32-பிட் விண்டோஸ் 4 ஜி.பி.யைக்கூட முழுதாகப் பார்க்காது. 2008-ல் ஃபோட்டோஷாப் சி.எஸ்.4 விண்டோஸில் 64-பிட்டுக்கு மாறியதும் அந்தக் கதவு திறந்தது. பின்னால் விலை இறங்கி வந்த எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டே கிடையாது. பத்து வருஷப் பழைய பெட்டியும் அதைப் பொருத்தியதும் துள்ளி எழுந்தது.

அதற்கும் மசியாத பழசு ஒன்று உண்டு: ஆதரவு முடியும் என்று மென்பொருள் நிறுவனம் குறிக்கும் தேதி. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர். விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அம்சத்தைக் கேட்கிறது; நன்றாக ஓடும் பெட்டியும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

ஆனாலும் ஸ்டுடியோவில் பழைய சிஸ்டம் எளிதில் எடைக்குப் போவதில்லை. உள்ளறையிலிருந்து முன்பக்கக் கவுன்ட்டருக்கு நகரும். அங்கே பாஸ்போர்ட் சைஸ் வேலை: 35-க்கு 45 மில்லிமீட்டர். 300 புள்ளி வீதம் கணக்கிட்டால் 413-க்கு 531 பிக்சல், முக்கால் எம்.பி.கூட இல்லை. பின்புலத்தை வெள்ளையாக்கி, காதோரம் சிதறிய முடியை அழித்து, எட்டுப் பிரதி அடிக்க அந்த 256 எம்.பி. இன்றும் தாராளம்.