மங்கு

மலாக்கா ஜொங்கர் தெருப் பழம்பொருள் கடை ஒன்றில் போன மாதம் ஒரு மங்கு பார்த்தேன். ரப்பர் பால் பிடிக்கிற மங்குதான். கண்ணாடி அலமாரி, தலைக்கு மேலே சின்ன விளக்கு. மரத்துக்கு ஒன்றாகக் கம்பி வளையத்தில் கிடந்த சாமானுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

மங்கு பிறந்தது சூளையில். ஜொகூர் ஆயர் ஈத்தாமிலும் சிங்கப்பூர் ஜாலான் பஹாரிலும் சீனக் குயவர்கள், மேட்டுச் சரிவில் நீளமாகப் படுத்துக் கிடக்கும் டிராகன் சூளைகளில் விறகு போட்டு ஆயிரக்கணக்கில் சுட்டெடுத்தார்கள். உள்பக்கம் மெருகு பூசியிருக்கும். அழகுக்காகப் பூசியது என்று நினைத்துவிடாதீர்கள். உறைந்த பால் உரிந்து வர வேண்டுமே, அதற்கு.

இத்தனை மங்குக்குத் தேவை வந்த கதை மலாக்காவில் தொடங்குகிறது. அங்கே புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்பவர் 1896இல் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காகப் போட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுதான் என்பார்கள். பின்னால் காடு காடாக ரப்பர் பரவியது; வெட்ட நம் சனம் கப்பலேறி வந்தது.

என் அம்மாவும் பால் வெட்டியவர். இருட்டோடு நிரைக்கு, தன் பங்கு மரவரிசைக்கு, போய்விடுவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஒவ்வொரு மரத்திலும் முதல் வேலை மங்கைக் கையில் எடுப்பது (பெண்ணை அல்ல, பாத்திரத்தைச் சொல்கிறேன்). அடியில் நேற்று உறைந்த தோலை நகத்தால் நெம்பி ஒரே இழுவையில் உரிப்பார். மங்கின் வடிவத்திலேயே, குட்டித் தொப்பி மாதிரி கழன்று வரும். அதுவும் ஒட்டுப்பாலோடு எடைக்குப் போகும், காசு. பிறகு விரலால் உள்ளே ஒரு சுற்றுத் துடைத்து, மாட்டி, உளியை வைப்பார். வெட்டு இல்லாத நாளில் மங்குகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு அடையும். அது எங்களைப் போன்ற பிள்ளைகளின் வேலை.

பிளாஸ்டிக் மங்கு வந்தது. அப்புறம் செம்பனை வந்தது. செம்பனைக்கு மங்கு எதற்கு? லயத்தைக் காலி செய்தபோது துளசி நடவும் கோழிக்குத் தண்ணீர் வைக்கவும் ஒன்றிரண்டு எங்களோடு லாரி ஏறின.

ஜாலான் பஹாரில் 1940இல் கட்டிய தாவ் குவாங் சூளை வேறு விதமாகப் பிழைத்துக்கொண்டது. மங்கு வெந்த அதே வயிற்றில் இன்று மட்கலைஞர்கள் தங்கள் படைப்புகளைச் சுடுகிறார்கள்.

சாதாரணப் பொருள் கண்காட்சி ஏறுவது புதிதல்ல. 1917இல் நியூயார்க்கில் கலைஞர் மார்செல் டூஷாம்ப், கடையில் வாங்கிய சிறுநீர்ப் பீங்கானில் 'ஆர். மட்' என்று கையெழுத்துப் போட்டுக் கண்காட்சிக்கு அனுப்பினார். வைக்க மறுத்துவிட்டார்கள். இன்று அதைச் சொல்லாமல் நவீன கலையின் வரலாற்றை யாரும் எழுதுவதில்லை. அதுவும் மெருகு பூசிய மண்தானே. வேலையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, நின்று பார்க்க வைப்பது கலைக்கூடத்தின் சாமர்த்தியம். மங்குக்கும் அந்த மரியாதை வரட்டும்.

என் வருத்தம் வேறு. அந்த அலமாரி மங்கைப் பளபளவென்று கழுவி வைத்திருந்தார்கள். விளிம்பில் கறுத்து இறுகும் பால் கறை இல்லை, கம்பி தேய்த்த தடம் இல்லை. தேநீர்க் கோப்பை என்று சொன்னால் வெளியூர்க்காரர் நம்பிவிடுவார்.

உங்கள் வீட்டுக் கொல்லையில் ஒன்று கிடந்தால் அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள், விற்றாலும் சரி. கழுவ மட்டும் வேண்டாம். எந்தத் தோட்டம், எந்த நிரை, யார் வெட்டியது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே போட்டுக் கொடுங்கள்.