மெய்யியலின் இரு வினாக்கள்

கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூர் ஒரு காலத்தில் பாடலிபுத்திரம் என்ற பெயருடன் சமணரின் கல்வி நிலையமாகத் திகழ்ந்தது. சக ஆண்டு 380இல் (கி.பி. 458), காஞ்சிப் பல்லவன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சர்வநந்தி முனிவர் ‘லோகவிபாகம்’ என்னும் பிராகிருத நூலை இங்கேதான் இயற்றினார் என ஆய்வாளர் கருதுவர். உலகின் அமைப்பையும் அளவுகளையும் விரித்துரைத்த அந்நூலின் சமஸ்கிருத வடிவமே இன்று எஞ்சியுள்ளது.

ஏழாம் நூற்றாண்டில் இவ்வூர்ப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயருடன் விளங்கியவரே திருநாவுக்கரசர். சூலைநோய் வாட்டியபோது கற்ற கலைகள் உதவாமற்போகவே, திருவதிகையிலிருந்த தமக்கை திலகவதியாரை நாடிச் சென்றார் என்கிறது பெரியபுராணம். இது சைவர் தரப்புக் கூற்று. எனினும் அதிலுள்ள வினா எல்லோர்க்கும் உரியது: உலகை அளந்த அறிவு, வருந்தும் மனிதனுக்கு என்ன சொல்கிறது?

இதற்கு நெருங்கிய வினாவொன்று ஹிஜ்ரி 488இல் (கி.பி. 1095) பக்தாதில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை ஆட்கொண்டது. தாம் போதிக்கும் கல்வி மறுமைக்குப் பயன்படுமா? நா எழாமல், நிஜாமிய்யாவின் பதவியைத் துறந்து புறப்பட்டார்கள். ஆயினும் கணிதத்தை அவர்கள் பழித்தாரில்லை. கிரகணக் கணக்கை மார்க்கத்தின் பேரால் மறுப்பவர் மார்க்கத்திற்கே ஊறு செய்கிறார் என ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’வின் முன்னுரையில் எச்சரித்தார்கள்.

உலகம் எவ்வாறு அமைந்துள்ளது, அதில் மனிதன் எவ்வாறு வாழ்வது என்னும் இரண்டுமே மெய்யியலின் வினாக்கள். முதலாவதோடு நின்றால் எஞ்சுவது வெறுங்கணக்கு. அதைப் புறக்கணித்தால் எஞ்சுவது அறியாமை. மதரஸாக்களில் மன்திக் நூல்களை மனனம் செய்விக்கும் நாம், மாணவரை இவ்விரண்டையும் கேட்கப் பழக்குகிறோமா?