காமாலைக் கிருமியும் குழந்தையின் சிறுநீரகமும்

காமாலை என்றதும் நமக்குக் கல்லீரல்தான் நினைவுக்கு வரும். ஆனால் காமாலையை உண்டாக்கும் ஒரு கிருமி குழந்தைகளின் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. இதை மருத்துவ உலகம் அறிந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

1965-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பாருக் பிளம்பர்க், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் புதிய பொருள் ஒன்றைக் கண்டதாக எழுதினார். அது ஹெப்படைடிஸ் பி கிருமியின் மேலுறை என்பது பின்னர் தெளிவாயிற்று. 1976-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். இதற்கிடையே 1971-இல், இக்கிருமியின் பகுதிகள் ஒரு நோயாளியின் சிறுநீரகத்தில் படிந்திருந்ததை மருத்துவர்கள் கண்டனர்.

கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள், கிருமியின் பகுதிகளோடு சேர்ந்து சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளில் படிகிறது. வடிகட்டி பழுதானால் புரதம் சிறுநீரில் கசியும். கண் மஞ்சளாகாமலே இது நிகழலாம். பல குழந்தைகள் தேறிவிடுவர். சிலருக்கு நோய் நீடிக்கும்.

பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்குக் கிருமி தொற்றுவதுண்டு. ஆகவே தைவான் 1984-இலும், சிங்கப்பூர் 1985-இலும், மலேசியா 1989-இலும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கின. தென்னாப்பிரிக்கா 1995-இல் தொடங்கியது. அங்கே நேட்டால் பகுதிக் குழந்தைகளிடம் இச்சிறுநீரக நோய் வெகுவாகக் குறைந்தது. ஓர் ஊசி இரண்டு உறுப்புகளைக் காத்தது!

ஆகவே பிறந்த குழந்தைக்கு முதல் ஊசியை உடனே போடுவோம். மற்ற ஊசிகளையும் தவறவிடாதிருப்போம். குழந்தையின் இமையும் காலும் வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், கீழாநெல்லிச் சாறு கொடுத்துக் காத்திராமல் மருத்துவமனையில் சிறுநீரைச் சோதிக்கச் செய்வோம்.