புல்லட்டுக்கு முதல்ல, நமக்கு அப்புறம்

இந்த எபிசோட்ல ஒரு மோட்டார் சைக்கிளோட பயணக் கதை. பாதி வண்டியோட கதை, பாதி நம்ம கதை.

இந்த மாதிரி வீடியோ ஒண்ணாவது நீங்க பார்த்திருப்பீங்க. ஒரு கணவன், மனைவி, ஒரு பைக். ரெண்டு பக்கமும் பெட்டி, மேல சுருட்டிக் கட்டின டென்ட், ஒரு சின்ன கேஸ் அடுப்பு. காலையில பிரான்ஸ், சாயங்காலம் ஸ்விட்சர்லாந்து, அடுத்த வாரம் இத்தாலி. இடம் பிடிச்சிருந்தா ரெண்டு நாள் தங்குறாங்க, மழை வந்தா வேற பக்கம் திரும்புறாங்க. பார்த்துட்டு "நாமளும் ஒரு நாள் போகணும்டா"ன்னு ஃப்ரெண்டுக்கு ஃபார்வர்ட் பண்ணியிருப்பீங்க.

அந்த வீடியோவுல ஓடுறது ராயல் என்ஃபீல்டா இருந்தா, அது பெரும்பாலும் நம்ம பக்கத்து வண்டி. ஒரகடம் தொழிற்சாலைக்கு மயிலாப்பூர்லேர்ந்து காலையில கிளம்பினா டிபன் நேரத்துக்குள்ள போய்ச் சேர்ந்திடலாம்.

இங்க ரெண்டு கேள்வி வருது. நம்ம ஊர்ல செஞ்ச வண்டி எப்போ ஐரோப்பாவுக்குப் போச்சு? நம்ம ஊர் ஜோடி அதே ரோட்டுல போற நிலைமை எப்போ வந்துச்சு? ரெண்டுக்கும் நடுவுல ஒரு பெரிய இடைவெளி இருக்கு. இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

ரெட்டிச் டு திருவொற்றியூர்

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்துல ரெட்டிச்ங்கிற ஊர்ல பிறந்த கம்பெனி. புல்லட்ங்கிற பேர் 1930-கள்லயே வந்துடுச்சு. நமக்குத் தெரிஞ்ச அந்த 350 புல்லட் உலகப் போருக்கு அப்புறம், 1949 வாக்குல சந்தைக்கு வந்துச்சு. மெக்கானிக்கல் படிச்சவங்களுக்காக ஒரு வரி: சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர், மொத்தம் 346 சிசி. அந்த நீளமான ஸ்ட்ரோக்குக்கும் நாம ரசிக்கிற 'தட தட' சத்தத்துக்கும் நெருங்கின சம்பந்தம் இருக்கு.

அதே 1949-ல கே.ஆர். சுந்தரம் ஐயரோட மெட்ராஸ் மோட்டார்ஸ் இந்த வண்டிகளை இங்க இறக்குமதி பண்ண ஆரம்பிச்சுது. எல்லையில ரோந்து போக ராணுவத்துக்கு பைக் தேவைப்பட்டுச்சு. நூற்றுக்கணக்குல ஆர்டர் வந்துச்சு. இவ்வளவு வண்டியையும் கப்பல்லயே கொண்டுவந்துட்டு இருக்க முடியாதுன்னு 1955-ல 'என்ஃபீல்டு இந்தியா' உருவாச்சு. அடுத்த வருஷம் திருவொற்றியூர்ல தொழிற்சாலை. முதல்ல இங்கிலாந்துலேர்ந்து பாகம் பாகமா வந்ததை இங்க கோத்தாங்க. 1956 கடைசிக்குள்ள உருவான வண்டிகள் வெறும் 163. அப்புறம் டை, டூல் எல்லாம் இங்க வந்து, 1962 வாக்குல எல்லா பாகமும் இங்கயே தயாராச்சு.

இதுக்கு நடுவுல தாய் வீடு ஆட்டம் கண்டுடுச்சு. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல மூடப்பட்டுச்சு. மிச்சமிருந்த உற்பத்தி பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் ஊர்ப்பக்கம், ஒரு பழைய கல் குவாரிக்குள்ள, நிலத்தடியில நடந்துச்சு. 1970-ல அதுவும் நின்னுபோச்சு. தாய் கம்பெனி போயிடுச்சு. திருவொற்றியூர்ல மட்டும் அதே வண்டி, அதே டிசைன்ல வந்துட்டே இருந்துச்சு.

1977: வண்டி திரும்பிப் போகுது

1977-ல என்ஃபீல்டு இந்தியா 350 புல்லட்டை இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதி பண்ண ஆரம்பிச்சுது. எங்கேர்ந்து வந்துச்சோ அங்கேயே, மெட்ராஸ்காரனா.

யோசிச்சுப் பாருங்க, 1969-லயே ஹோண்டா நாலு சிலிண்டர் வண்டியை விட ஆரம்பிச்சாச்சு. அப்படி ஒரு காலத்துல 18 குதிரைத்திறன் வண்டியை ஐரோப்பாவுல யார் வாங்குவாங்க? ரெண்டு பேர், டென்ட், பாத்திரம், துணிமணி எல்லாம் ஏத்திட்டு ஜெர்மனி ஆட்டோபான்ல போனா லாரிக்காரனே ஓவர்டேக் பண்ணுவான்.

ஆனா அந்த வேகமின்மைக்கே ஒரு கூட்டம் இருந்துச்சு. பழைய பிரிட்டிஷ் வண்டி வேணும், ஆனா புதுசா வேணும்னா அவங்களுக்கு வழி மெட்ராஸ்தான். கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. நியூட்ரல் கண்டுபிடிக்கறதுக்குன்னே தனியா ஒரு சின்ன லிவர். கையில நாலு ஸ்பேனர் இருந்தா ரோட்டோரத்துலயே பிரிச்சு மாட்டிடலாம். ஹைவேயை விட்டுட்டு கிராமத்து ரோட்டுல மெதுவா போய், ஆத்தங்கரையில டென்ட் அடிக்கறவங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி ஏது? அப்போ டேங்க்ல வெறும் 'என்ஃபீல்டு'தான். 'ராயல்' திரும்ப வந்தது 1990-கள்ல, ஐஷர் கைக்குப் போன பிறகு.

ஆக, 1977-லயே வண்டி போயாச்சு. அதே வருஷம் அடையாறுல ஒரு இளம் ஜோடிக்கு "நாமளும் ஐரோப்பாவுல பைக்ல சுத்தலாமா?"ன்னு தோணியிருந்தா? அவங்க முன்னாடி மூணு பூட்டு.

முதல் பூட்டு: பாஸ்போர்ட்

1967 வரைக்கும் பாஸ்போர்ட்ங்கிறது அரசாங்கம் பார்த்துக் கொடுக்கற சலுகை. தரலாம், தராமலும் இருக்கலாம், கொடுத்ததைத் திருப்பியும் கேட்கலாம். ஏன்னு கேட்க ஒரு சட்டமே கிடையாது. அப்படித் திருப்பிக் கேட்டப்போ சத்வந்த் சிங் சாஹ்னிங்கிறவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவர் தொழில் என்னன்னு நினைக்கிறீங்க? வாகன உதிரி பாகம் ஏற்றுமதி, இறக்குமதி!

1967 ஏப்ரல் 10, தீர்ப்பு வந்துச்சு. ஐந்து நீதிபதிகள்ல மூணு பேர் அவர் பக்கம். வெளிநாடு போற உரிமை அரசியல் சாசனத்தோட 21-வது பிரிவு சொல்ற தனிமனித சுதந்திரத்துல ஒரு பகுதின்னு சொன்னாங்க. அந்த அமர்வுக்குத் தலைமை நீதிபதி கே. சுப்பா ராவ், நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துல வக்கீலா தொழில் பண்ணி, அங்கேயே நீதிபதியாவும் இருந்தவர். ரெண்டே மாசத்துல பாஸ்போர்ட் சட்டம் வந்துச்சு. ரெட்டிச் தொழிற்சாலை மூடின அதே 1967.

அதோட முடிஞ்சுதான்னா, இல்ல. 1977 ஜூலையில, புல்லட் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறின அதே வருஷம், மேனகா காந்தியோட பாஸ்போர்ட்டை 'பொது நலன்'னு சொல்லி ஒப்படைக்கச் சொன்னாங்க. காரணம் கேட்டதுக்குச் சொல்ல மறுத்துட்டாங்க. 1978 ஜனவரியில உச்ச நீதிமன்றம், உரிமையைப் பறிக்கணும்னா அந்த நடைமுறை நியாயமா இருக்கணும்னு சொல்லுச்சு. இன்னைக்கும் சட்டக் கல்லூரியில முதல்ல படிக்கற வழக்குகள்ல அது ஒண்ணு.

ரெண்டாவது பூட்டு: பணம்

பாஸ்போர்ட் இருந்தாலும் செலவுக்கு டாலர் வேணுமே. அந்நியச் செலாவணி அப்போ தங்கம் மாதிரி. 1973-ல வந்த ஃபெரா சட்டம் அதை மீறுறதைக் குற்றமாவே பார்த்துச்சு. அறுபது, எழுபதுகள்ல அமெரிக்கா படிக்கப் போனவங்களைக் கேளுங்க, "கையில எட்டு டாலரோட இறங்கினேன்"னு சொல்லுவாங்க. மாம்பலத்துலயும் மயிலாப்பூர்லயும் பல வீட்டுத் தாத்தாக்கள் சொல்ற கதை அது. எட்டு டாலர்ல ரெண்டு பேர் மூணு மாசம் பெட்ரோல் போட்டு ஐரோப்பா சுத்த முடியுமா?

இதுல இருக்கற முரணைப் பாருங்க. புல்லட் ஏற்றுமதி ஆனா நாட்டுக்கு டாலர் வரும், அதனால அதுக்குக் கதவு திறந்திருந்துச்சு. நாம போனா டாலர் வெளிய போகும், அதனால நமக்குக் கதவு மூடியிருந்துச்சு. நம்ம சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, வண்டிக்கு ஆக்சஸ் இருந்துச்சு, ஓட்டுறவங்களுக்குத்தான் 'பர்மிஷன் டினைடு'.

மூணாவது பூட்டு: ரோடு

சரி, கப்பல் வேண்டாம், தரை வழியா போகலாம்னா? இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல், கைபர் கணவாய், லாகூர், டெல்லி. எழுபதுகள்ல ஐரோப்பியர்கள் வேன்லயும் பைக்லயும் இந்தியா வந்த பாதை இதுதான். நம்மாளுங்க எதிர்த் திசையில போனதும் உண்டு. 1923 அக்டோபர்ல பம்பாய்லேர்ந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிள்லயே உலகம் சுத்தக் கிளம்பினாங்க. அவங்கள்ல ஆதி ஹக்கீம், ஜல் பாப்பசோலா, ருஸ்தம் பும்காரா மூணு பேரும் 1928-ல சுத்தி முடிச்சுட்டு வந்தாங்க. ஈரான் வழியாத்தான் ஐரோப்பாவுக்குள்ள போனாங்க.

அந்தப் பாதை 1979-ல அறுந்துச்சு. வருஷத் தொடக்கத்துல ஈரான் புரட்சி, கடைசியில ஆப்கானிஸ்தானுக்குள்ள சோவியத் படை. புல்லட் ஏற்றுமதி ஆரம்பிச்சு ரெண்டே வருஷம்தான் ஆகியிருந்துச்சு.

பூட்டு திறந்த கதை

பணப் பூட்டு 1991-க்கு அப்புறம் மெதுவா தளர்ந்துச்சு. 2000-ல ஃபெரா போய் ஃபெமா வந்துச்சு. 2004-ல ரிசர்வ் வங்கி ஒரு திட்டம் கொண்டுவந்துச்சு: ஒருத்தர் வருஷத்துக்கு 25,000 டாலர் வரைக்கும் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். இப்போ அது 2,50,000 டாலர். எட்டு டாலர்லேர்ந்து ரெண்டரை லட்சம் டாலர்! 2006-ல விசாகப்பட்டினத்துலேர்ந்து பரத்வாஜ் தயாளா ஒரு கரிஸ்மாவுல தனியா உலகம் சுத்தக் கிளம்பினார்னா, அதுக்குப் பின்னாடி அவர் துணிச்சலோட சேர்த்து இந்த மாற்றங்களும் இருக்கு.

அந்தப் பக்கம் ஐரோப்பாவும் மாறிச்சு. 1985-ல லக்ஸம்பர்க்ல ஷெங்கன்ங்கிற சின்ன ஊர்ப்பக்கம், மோசல் நதியில ஒரு படகுல உட்கார்ந்து ஐந்து நாடுகள் ஒப்பந்தம் போட்டுச்சு. 1995-லேர்ந்து எல்லைச் சோதனை போச்சு. அந்த வீடியோவுல ஜோடி நாடு மாறினதே தெரியாம நாடு மாறுறது இதனாலதான்.

நமக்கு? ஆர்டிஓ-வுல இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் கிடைக்கும், ஒரு வருஷம் செல்லும். 'டிஎன் 07' வண்டியையே கொண்டுபோகணும்னா வழியில ஈரான் மாதிரி நாடுகளுக்குக் 'கார்னே' வேணும். அது வண்டியோட பாஸ்போர்ட். வண்டியை அங்க வித்துட மாட்டேன், திருப்பிக் கொண்டுவந்துடுவேன்ங்கிற உத்தரவாதம். அதுக்குப் பணம் கட்டி வைக்கணும். அதனால நிறைய பேர் ஃபிளைட்ல போய் அங்க பைக் வாடகைக்கு எடுத்துடறாங்க. அது புல்லட்டாவே கூட இருக்கலாம்!

ஆனா ஒரு பூட்டு முழுசா திறக்கல. ஷெங்கன் விசா எடுத்தா எந்த 180 நாள்லயும் 90 நாள்தான் தங்கலாம். ஒருத்தருக்கு 90 யூரோ கட்டணம், குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, பேங்க் ஸ்டேட்மென்ட், திரும்பி வருவோம்ங்கிறதுக்கு அத்தாட்சி. முக்கியமா, எங்க தங்கப்போறோம்ங்கிறதுக்குச் சான்று. "இடம் பிடிச்சா டென்ட் அடிப்போம், இல்லன்னா அடுத்த ஊரு"ன்னு விசா ஃபார்ம்ல எழுத முடியாது. அந்த வீடியோவுல நமக்குப் பிடிக்கறதே அந்தத் திட்டமில்லாத திட்டம்தான். காசு கொடுத்தாலும் நமக்குச் சுலபமா கிடைக்காதது அதுதான்.

அதனால அடுத்த தடவை அந்த மாதிரி வீடியோ பார்த்துட்டு "நமக்கெல்லாம் அந்த தைரியம் இல்லடா"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. தைரியம் இங்கயும் இருந்துச்சு. 1923-ல மூணு பேர் சைக்கிள்லயே காட்டிட்டாங்க. நடுவுல மூடினது காகிதம், திறந்ததும் காகிதம்தான். அதுல முதல் காகிதத்தை நமக்கு வாங்கிக் கொடுத்தவர் 'ஏன்'னு கேட்டு கோர்ட்டுக்குப் போன ஒரு உதிரி பாக வியாபாரி.

இந்த வருஷம் கிளம்பற ஜோடி யாராவது கேட்டுட்டு இருந்தா, 90 நாள் கணக்கை ஒழுங்கா எண்ணிக்கோங்க. நுழையற நாள், வெளிய வர்ற நாள் ரெண்டும் கணக்குல சேரும். பத்திரமா போயிட்டு வாங்க.