மண் செத்துப்போச்சா?

பூந்தமல்லிப் பக்கம் நெல் நடுமுன் கொளிஞ்சி விதைத்து மடக்கி உழுவதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். 1971இல் மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் உற்பத்தியைத் தொடங்கியது. வீட்டுக்கு யூரியா மூட்டை வந்தது, கொளிஞ்சி மறந்துபோச்சு. கொஞ்ச வருஷத்தில் அப்பா சொன்னார்: "மண்ணு செத்துப்போச்சுடா."

செத்ததா? 1972இல் இங்கிலாந்தின் சசெக்ஸில் டிக்சனும் போஸ்ட்கேட்டும், காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் மரபணுக்களைக் கிளெப்சியெல்லா பாக்டீரியாவிலிருந்து ஈ.கோலைக்கு மாற்றிக் காட்டினார்கள். அவை இயங்கும் விதம் பிறகு துலங்கியது. நிஃப்ஏ என்ற புரதம் அவற்றை முடுக்குகிறது. நிஃப்எல் அதைத் தடுக்கிறது. அம்மோனியா தாராளமாக இருந்தால் என்டிஆர்சி என்ற புரதம் கிளர்வதில்லை. அது கிளராவிட்டால் நிஃப்ஏ உருவாவதே இல்லை. ஒரு மூலக்கூறு நைட்ரஜனுக்குக் குறைந்தது 16 ஏடிபி செலவாகிறது. சும்மா கிடைக்கும்போது பாக்டீரியா ஏன் உழைக்கணும்? கொளிஞ்சி போன்ற பயறினங்களிலும், மண்ணில் நைட்ரேட் மிகுந்தால் செடியே வேர்முடிச்சைக் குறைத்துக்கொள்கிறது.

ஆக, மரபணு அழியாமலே வாயடைபடலாம். பசுமைப் புரட்சியை விளைச்சல் கணக்காக மட்டும் எழுதும் சொல்லாடலில் இந்த மௌனத்துக்கு இடமில்லை. 'சாவு' என்று அப்பா சொன்னது சரியான சொல் அல்ல. ஆனால் ஏதோ நின்றுபோனதை எங்கள் வீட்டில் முதலில் கண்டது அவர்தான். நாங்கள்தான் அதைப் படிக்காதவர் புலம்பல் என்று ஒதுக்கினோம்.